மாவுத் தொட்டியில் ஒரு காது

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. ரொட்டி வாங்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரி பொட்டலம் கட்டியபடியே சொன்னாள். நான் வாய் பிளந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

மனித மனம் என்பது ஒரு

வேண்டாம். அவள் மனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மாவைப் பற்றித்தான் பேசினாள்.

2

அவளுக்கு யோசனை வருவதெல்லாம் இரண்டு கையும் மாவில் புதைந்திருக்கும்போதுதான். கை கழுவி வருவதற்குள் பறந்துவிடும். முன்பெல்லாம் சிரித்துவிட்டுப் போவாள். அவளுடைய அம்மா, பெற்ற மகளையே "நீங்க யாரும்மா?" என்று கேட்டபடி கண்ணை மூடிய பிறகு சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு மறதியையும் எண்ணத் தொடங்கினாள்.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, முட்டி மோதி, போனில் தனக்கென்று ஒரு செயலி செய்தாள். திரை முழுக்க ஒரே பட்டன். முழங்கையால் அழுத்திவிட்டுப் பேசினால் சேர்த்துவைக்கும். பிறகு எப்போதாவது, தனக்குத் தோன்றிய நேரத்தில், பழையதில் ஒன்றை எடுத்து அவள் குரலிலேயே சொல்லும்.

(செயலியின் நுட்பத்தை விளக்கி இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன். "அவ்வளவெல்லாம் இல்லீங்க. ஒரு பட்டன், ஒரு டப்பா, அவ்ளோதான்" என்றாள். அடித்துவிட்டேன்.)

அடுப்பைப் பார்த்துக்கொள்வது கணவர். "மறந்தா மறந்துட்டுப் போகுது. நான் எதுக்கு இருக்கேன்?" என்றாராம்.

"உப்புப் போட்டதையே மறந்து ரெண்டாந்தடவை போடறவர்தானே நீங்க!"

3

வியாபாரம் ஓய்ந்த ஒரு மத்தியானம் போன் பேசியது: "மாவுல காதை வச்சுப் பாக்கணும். உள்ள என்ன நடக்குதுன்னு கேக்கணும்."

"இதை நான் சொல்லவே இல்லைங்க" என்றாள் கணவரிடம்.

"உன் குரல்தானே?"

குரல் அவளுடையதுதான். சொன்ன ஞாபகம் மட்டும் துளிகூட இல்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

(இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அவள் அழவில்லையாம். அழுதது நான்தான்போல.)

கணவர் அடுப்பை விட்டு வந்தார். பொங்கிக்கொண்டிருந்த மாவுத் தொட்டியின் துணியை விலக்கினார். "யார் சொன்னா என்ன, கேட்டுத்தான் பாப்போமே."

குனிந்தாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம்,

தூறல் விழுவதைப் போல

இல்லை.

ஆயிரம் சின்ன வாய்கள் ஒரே நேரத்தில்

அதுவும் இல்லை. குமிழிகள் உடைகின்றன. மிகச் சின்னக் குமிழிகள், விடாமல். இத்தனை வருஷம் பிசைந்த கை அது. காது இன்றுதான் கேட்கிறது.

"உசிரோட இருக்குங்க."

அவரும் காதை வைத்தார். ஒரே தொட்டிக்குள் இரண்டு தலைகள். "எவ்ளோ வேலை நடக்குது பாரேன்" என்று கிசுகிசுத்தார், "நம்மளை ஒரு வார்த்தை கேக்காம!"

இதைக் கேட்கச் சொன்னவளும் தனக்குள்தான் இருக்கிறாள் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

4

மருத்துவரிடம் போனார்கள். பரிசோதனையும் ஆயிற்று. நான் இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் மருத்துவர், "எல்லாருக்கும் வர்ற மறதிதாம்மா, நல்லாத் தூங்குங்க" என்கிறார். இன்னொன்றில் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, கணவரைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க" என்கிறார்.

எது நடந்தது என்று கேட்டேன்.

"அதை விடுங்க. உள்ள வாங்க" என்று துணியை விலக்கினாள்.

மருத்துவர் அறைக்கு வேண்டுமானால் நீங்கள் போய் வாருங்கள். நான் வரவில்லை. தொட்டிக்குள் குனிந்திருக்கிறேன், சத்தம் போடாதீர்கள்.