லெத்தோ என்ற சொல்லின் நடுவில்

கல்முனைக்குடி றுமானா இத்தாலி மொழியின் இரட்டை மெய்யெழுத்தை உச்சரிக்கும்போது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் அந்த எழுத்து முடியும்வரை அசையாமல் நிற்கும். முதலில் மின்விசிறி நின்றது, பிறகு ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் இரண்டு கோப்பைகளுக்கும் நடுவில் நின்றது. வாப்பா, உம்மா என்று நம் சொற்களிலும் அதே அழுத்தம் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. பழகிய சத்தத்தை விசிறி மதிக்கவில்லை போலும். புளோரன்சில் இருக்கும் கணவன் றஸ்மியிடம் போவதற்காகப் படித்த மொழி அது. பாண்டிருப்பிலிருந்து வந்து வகுப்பெடுத்த குணம் சேர் இதைக் கேட்டு வியக்கவில்லை. "அவசரப்படாதீங்க பிள்ள, அந்த எழுத்தில நிண்டுதான் போகணும்" என்றார். கரைவலைக்காரர்கள் மட்டும் தோணி அலை தாண்டும் நேரத்தில் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். அவள் எட்டு என்பதற்கு 'ஒத்தோ' என்பாள், அலை நிற்கும், தோணி போய்விடும்.

றஸ்மி ஆறு வருடங்களுக்கு முன், வாப்பா கச்சிமுகம்மது சம்மாந்துறை வயலில் அறுவடையில் நின்றபோது, அவரிடம் சொல்லாமலே விமானம் ஏறியவன். அன்றிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தால் அவர் பேச வந்ததில்லை. இந்த மாசியில் மகள் ஸுல்பிகாவின் வீட்டில் படுக்கையில் விழுந்த பிறகுதான், "றஸ்மி வாறானா? அவன நான் பொருந்திக்கணும்" என்று, மகனை மன்னித்துவிட்டுப் போக வேண்டுமென்று, கேட்கத் தொடங்கினார். றஸ்மி புறப்பட்டுவிட்டான். புதன்கிழமை மதியம் றுமானா மாமாவின் கட்டிலருகே அமர்ந்து, அவர் நெஞ்சைப் பார்த்தபடி பாடச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கான 'லெத்தோ' வந்தபோது அவருடைய மூச்சு பாதியில் சிக்கியது. அது கடைசி மூச்சு என்று அவளுக்கு விளங்கியது. நாக்கை மேற்பல்லின் பின்னால் ஒட்டியபடியே வைத்துக்கொண்டாள்.

நம் ஊரில் மையித்தை, இறந்தவரின் உடலை, அடக்காமல் தாமதிப்பதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவித்தல் போய்விட்டது, கபுறுக்குழி வெட்டவும் ஆள் போயிற்று. மௌலவி வந்து மூக்கருகே கண்ணாடி பிடித்தார், ஆவி படியவில்லை. காலைத் தொட்டார், சூடாக இருந்தது. "சூடு இருக்கிற ஆள அடக்க ஏலா" என்று சொல்லிவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில் ஒலிபெருக்கி திருத்தம் சொன்னது. றுமானா சாப்பிடவில்லை, கதைக்கவில்லை, கண்ணை எடுக்கவில்லை. ஸுல்பிகா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, மச்சியின் மேல் அன்பு பொங்கியது. விடிந்த பிறகு, "மச்சி, முடிச்சிராதீங்க. காக்கா மகியங்கனை தாண்டிட்டாராம்" என்று அண்ணன் வந்துகொண்டிருக்கும் இடத்தைச் சொன்னாள்.

வியாழன் பத்து மணிக்கு றஸ்மி சப்பாத்தோடு உள்ளே வந்து வாப்பாவின் கையைப் பிடித்தான். றுமானா சொல்லின் மிச்சத்தைச் சொன்னாள். கச்சிமுகம்மது கண் திறந்து, "வந்தியா மகன், பொருந்திக்கிட்டன்" என்றார். அவரிடம் இருந்தது அந்த ஒரு மூச்சுத்தான்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். புதனன்று வெட்டிய கபுறே இருந்ததால் வேலை சுருங்கிற்று. றுமானா மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்தாள். பள்ளிவாசல் பலகையில் மௌத்தான நேரம் வியாழன் காலை பத்து மணி என்று எழுதப்பட்டது, அதை யாரும் திருத்தச் சொல்லவில்லை.