மாமனாரின் காதும் தேவதாஸின் போர்க்கப்பலும்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஊழியம் பார்த்து, பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியிருந்த தேவதாஸுக்கு, மகன் பாரிஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் போர்க்கப்பல் அனுப்பியிருந்தான். துண்டு துண்டாக வந்ததை அவர் பசை போட்டு ஒட்டி முடித்தபோது, முழ நீளத்தில், பீரங்கியும் புகைபோக்கியுமாக நின்றது. கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவருக்கோ அது தண்ணீரில் ஓட வேண்டும். கரையிலிருந்து ரேடியோவில் ஏவினால் திரும்பவும் வேண்டும்.

ரேடியோ ரிப்பேர் யாகூப்பிடம் கொண்டுவந்தார்.

"சிலோன்லேர்ந்து பாட்டே வருது, இது ஓடாதா முசியே?" என்று யாகூப் வாயைக் கொடுத்துவிட்டான்.

பிறகுதான் பாரம் தெரிந்தது. அவனிடம் இருந்த வால்வெல்லாம் கத்தரிக்காய்ப் பருமன். அதையும் மோட்டாரையும் பேட்டரியையும் திணித்து வீட்டு அண்டாவில் விட்டதும், கப்பல் குமிழி விட்டபடி அடியில் போய் உட்கார்ந்தது.

"நீர்மூழ்கியா? அப்டின்னா நல்லாதான் ஓடுது" என்றாள் மனைவி கனீஸ் பாத்திமா.

அந்த வாரம் அவளுடைய அத்தா கமருஸ்ஸமான் தம் காது மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தார். ஒயர் ஒன்று விட்டிருந்தது, அவ்வளவுதான். மூடியைக் கழற்றிய யாகூப்புக்கு மூச்சு நின்றது. உள்ளே அவரைக்கொட்டை அளவில் வால்வுகள்! பக்கத்தில் தீப்பெட்டி அளவு பேட்டரி! ஞாயிற்றுக்கிழமை கப்பலை ஓட்டிக்காட்டும் வரைக்கும் இரவல்தானே என்று மனசாட்சியைத் தட்டித் தூங்கவைத்தான்.

"பார்ட்ஸ் மெட்ராஸ்லேர்ந்து வரணும் மாமா!" என்று கத்தினான்.

"பாட்டா? யாரு பாட வர்றாங்க?" என்றார் மாமனார்.

ஞாயிறன்று தேவதாஸ் வீட்டுத் தோட்டத்தில், அல்லித்தொட்டியைச் சுற்றிப் பழைய சிப்பாய்களெல்லாம் மெடல் குத்திக்கொண்டு கூடிவிட்டார்கள். முன்வரிசை நாற்காலியில் கமருஸ்ஸமான். யாகூப் பொத்தானோடு நின்றான். ஒரு அமுக்குக்கு இடது, அடுத்ததற்கு நேர், அதற்கடுத்து வலது, மறுபடி நேர். அந்த வரிசையை மாற்ற முடியாது.

"இடது!" என்றார் தேவதாஸ். திரும்பியது. கைதட்டல். "நேரா!" போயிற்று. அவருக்குக் குஷி தலைக்கேறியது. "மறுபடி இடது!"

வரிசைப்படி இப்போது வலது. யாகூப் பதறி அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். கப்பல் பேயாடிவிட்டு, தொட்டி நடுவிலிருந்த கல்தூணில் போய் மோதியது. மூக்கு பிளந்து முழுகியது.

மற்றவர்களுக்கு முழுகியது கப்பல். யாகூப்புக்கு முழுகியது மாமனாரின் காது. சட்டை கைலியோடு குதித்தான். முங்கித் துழாவி, தலையில் அல்லியிலையோடு கப்பலைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

தேவதாஸ் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "இப்டி ஒரு ஆளு எங்க படையில இருந்திருந்தா இந்தோசீனாவ விட்டிருப்போமா!"

"என் மாப்ள!" என்று, எதுவும் காதில் விழாத கமருஸ்ஸமான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் யாகூப் வால்வுகளைத் துடைத்துக் காயவைத்து, பேட்டரியைப் புதிதாகப் போட்டு, ஒயரைப் பற்றவைத்து, மெஷினை மாமனார் சட்டைப்பையில் வைத்து, ஒயர் நுனியைக் காதில் மாட்டினான். திருகைத் திருப்பிய அதே நேரம் அடுப்படியிலிருந்து கனீஸ் பாத்திமாவின் குரல் வந்தது: "அத்தா காதக் கப்பல்ல வச்சு முக்கியெடுத்தாச்சா? நல்லவேள, அவருக்கு ஒண்ணும் தெரியாது."

கமருஸ்ஸமான் எழுந்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். யாகூப் பின்னாலேயே ஓடினான். கிழவர் நேரே தேவதாஸ் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"முசியே! எங்காது உங்க கப்பல்ல வேல பாத்திருக்கு. எனக்கு எப்ப பென்ஷன்?"

தேவதாஸ் திருதிருவென்று விழித்தார். யாகூப் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த தேவதாஸ் மெடல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு உள்ளே போய், தன் மெடல்களில் சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்துவந்து, கமருஸ்ஸமானின் சட்டையில், காது மெஷினுக்குப் பக்கத்தில் குத்திவிட்டார்.