பத்தொன்பது விநாடி

வீட்டுச் சாவி வாங்கப் போனதால்தான் நான் அங்கே இருந்தேன். அக்காவின் கணவர் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் வாசல் காவலாளி. மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பெரியவர் உள்ளே கத்தித் தீர்த்துவிட்டு, பெட்டியோடு வெளியே வந்தார். மாமா கையை நீட்டினார். பெரியவர் இரண்டு படி உருண்டு தரையில் விழுந்தார். முழங்கை பெயர்ந்துவிட்டது.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். தடுமாறியவரைப் பிடிக்கத்தான் மாமா கை நீட்டினார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ அதைப் படமெடுத்திருந்தார்கள். பத்தொன்பது விநாடி. தடுமாறியது அதில் இல்லை. கை நீள்வதிலிருந்துதான் தொடங்குகிறது. மாலைக்குள் பத்துப் பதினைந்து இணையப் பக்கங்களில் சோக இசையோடு ஓடியது. 'முதியவர் என்றும் பாராமல்' என்று தலைப்பு.

அக்காவும் பார்த்தாள். மாமா வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க தள்ளுனீங்க?"

தள்ளினீர்களா என்று அவள் கேட்கவில்லை.

"தள்ளலடி. புடிச்சேன்."

"புடிச்சா மேல வருவாங்க. கீழ போக மாட்டாங்க."

என்னிடம் திரும்பினாள். "நீதான் பக்கத்துல நின்னியே, மரம் மாதிரி. நீ சொல்லு."

"புடிக்கத்தான்க்கா போனாரு."

"உங்க மாமாவை விட்டுக் குடுப்பியா நீ" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி பார்ப்பதற்கு.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அடுத்த வாரம் விசாரணை. கடைக் கேமராக்கள் எல்லாம் கல்லாவையும் சரக்கையும்தான் பார்க்கும், வாசலில் ஒன்றுமில்லை. உள்ளே இருந்த விற்பனை ஆட்கள் யாரும் பார்க்கவில்லையாம். ஆகவே சாட்சி நான் ஒருவன்.

இதில் ஒரு கூத்து உண்டு. போன வருடம்வரை ஒரு சமூக ஊடக நிறுவனத்துக்கு வீடியோக்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. இரவுப் பணி. புகார் வந்த வீடியோ ஒன்றுக்குப் பதினோரு விநாடி. இருக்கலாம், நீக்கலாம், இரண்டில் ஒரு பொத்தான். அடுத்தவர் வீடியோவைத் திருடிப் போடுகிறவர்கள் இயந்திரத்தின் கண்ணில் படாமலிருக்கப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப்போடுவார்கள். சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், பலகை எழுத்து, இவற்றைப் பார்த்துக் கண்டுபிடிப்போம். எட்டாவது மாதம், எதைப் பார்த்தாலும் கட்டைவிரல் தானாகப் பொத்தானைத் தேட ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மாமாவின் வீடியோவைத்தான் பார்த்தேன். பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி, திட்டுகிறவர்களுக்குப் பதில் போட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இன்னொரு முறை பார்த்தேன். நூறு முறை இருக்கும்.

விசாரணை அறையில் மேலாளரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு வக்கீல் அம்மாவும் இருந்தார்கள். மாமா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார்.

"பக்கத்துலயே நின்னீங்களா?"

"மூணடி தள்ளி."

"எந்தக் கையை நீட்டுனாரு?"

"இடது கை" என்றேன், யோசிக்காமல்.

"நிச்சயமா?"

"கண்ணால பார்த்தேங்க. இடது கைதான். பெரியவர் அவருக்கு இடது பக்கம் விழுந்தாரு."

அந்த அம்மா மடிக்கணினியைத் திருப்பினார். படமெடுத்தவரே கடைக்குக் கொடுத்த அசல். அதுவும் கை நீள்வதிலிருந்துதான் தொடங்கியது. மேலே கடையின் பெயர் நேராகத் தெரிந்தது. மாமா நீட்டியது வலது கை. பெரியவர் விழுந்தது வலது பக்கம்.

"பக்கங்கள்ல போட்டதெல்லாம் மேல்பாதியை வெட்டி, திருப்பிப்போட்டது. நீங்க சொன்னது அதை."

மாமாவின் பெயர்ப் பட்டை எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நூறு முறையில் ஒருமுறை.

"நான் அங்கதாங்க இருந்தேன்."

"சொந்தக்காரருக்காகச் சொல்றதுதான் தம்பி, தப்பா எடுத்துக்கல" என்றார் மேலாளர்.

நினைவைத் தேடினேன். நான் நின்ற இடத்திலிருந்து படிகள் எப்படித் தெரிந்தன என்று. வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தெரிகிறது. தடுமாற்றமும் இல்லை. கை நீள்கிறது, அவர் விழுகிறார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த உண்மையை நானே தேய்த்து அழித்திருக்கிறேன்.

எங்களை வெளியே அனுப்பிப் பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு மேலாளர் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். தள்ளியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் கிடங்குக்கு மாற்றம். இல்லையென்றால் வேலை இல்லை.

மாமா தாளை என்னிடம் நீட்டினார். "உன் கையெழுத்து நல்லாருக்கும். எழுது மாப்ளே."

"மாமா, நீங்க புடிக்கத்தானே போனீங்க?"

தாளை என் கையில் வைத்தார்.

"அப்படித்தான் நெனச்சேன். அந்தாளு உள்ள கத்துனப்ப எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. உங்கக்கா தெனம் போட்டுக் காட்டுறா. பாக்கப் பாக்க எனக்கே தள்ளுன மாதிரிதான்டா இருக்கு."

"கவனக்குறைவால்னு போடவா?"

"வேணாம். தள்ளினேன்னே போடு. இல்லன்னா வாங்க மாட்டாங்க."

எழுதினேன். ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.