அத்தாட்சிக்கு ஒரு கதவு

கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பதினோரு வருடமாகக் குடியிருந்தும், அரசாங்கக் கணக்கில் நாங்கள் கிடையாது. ரேஷன் கார்டு கேட்டு என் பெண்டாட்டி ஷீலா ஏழு தடவை நடந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ரேஷன் ஆபீஸ் வெங்கடரமணன் ஒரே பாட்டுதான் பாடுவார்: "அங்க வீடே இல்லையேம்மா. முகவரிக்கு அத்தாட்சி கொண்டா."

இந்த லட்சணத்தில், தொண்ணூற்று நாலில், குடிசைகளை அகற்றப்போவதாகப் பேச்சு கிளம்பியது. கார்டு இருந்தால்தான் மாற்று இடமாம். இல்லாதவன் எங்கே போவான் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். நான் நோட்டீஸையே வெறித்துக்கொண்டு நின்றேன். ஷீலாவோ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாய்யா முழிக்கிற? சுப்புராயன்னு உம்பேரு கீது, எம்பேரு கீது, குடிசை நம்பரு கீது, கவர்மெண்டு சீலு கீது! இத்தவிட இன்னா அத்தாட்சி வோணும்?"

பிய்க்கப் பார்த்தோம். பாழாய்ப்போன பசை! கிழிசல் சீல் பக்கம் போனதும் நிறுத்திவிட்டு, ஷீலா கதவையே கழற்றி என் தலையில் ஏற்றினாள். பஸ்ஸில் கண்டக்டர் சேர்க்கவில்லை. நடந்தே போனோம்.

வெங்கடரமணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "என்னய்யா இது?"

"நீ கேட்ட அத்தாட்சி சார்" என்றாள் ஷீலா.

அவர் இரண்டு தரம் படித்தார். மறுக்க வழியில்லை. "சரி, ஒரிஜினலை மனுவோட சேர்க்கணும். இங்கேயே இருக்கட்டும்."

கதவு பீரோவுக்குப் பின்னால் போனது. எங்கள் வாசலுக்குச் சாக்குப் படுதா வந்தது.

நோட்டீஸ் ஒட்டிய பத்தாம் நாள், ரேஷன் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஜவஹர் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். படுதாவை மேலும் கீழும் பார்த்தார். "கதவே இல்லாததை வீடுன்னு எப்படிம்மா எழுதறது?"

ஷீலாவுக்கு வந்ததே கோபம்! "கதவு உங்க ஆபீஸ்ல குந்திக்கினு கீது சார்! அத்த எட்த்தாந்து மாட்டிட்டு அப்பால கேளு!"

அவர் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

"இன்னா சார் எழுதுன?"

"வீடு உள்ளது. குடியிருக்கிறார்கள்."

காலி செய்ய இன்னும் ஐந்தே நாள் இருந்தது. எதற்கும் கலங்காத என் பெண்டாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா படி சார்" என்றாள்.