பெருவிரல் பள்ளம்

மூடியைத் தூக்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சூளையின் பார்வைத் துளைக்குள் டார்ச் அடித்தாள். நடுத்தட்டில் முழங்கால் உயரத்துக்கு நிற்க வேண்டிய மண் கவுனைக் காணவில்லை. வெளிச்சம் தடையில்லாமல் எதிர்ச்சுவர் வரை போய் முட்டியது.

மூடியைத் தூக்கியதும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. தையலக்காவின் கவுன் இருந்த இடத்தில் அழுக்குப் பச்சை நிறத்தில் ஒரு குட்டை உறைந்து கிடந்தது. கொட்டிக் காய்ந்த பாகு போல, பக்கத்துக்கு ஒரு நாக்கு நீட்டிக்கொண்டு. மடிப்பு, கழுத்துப் பட்டி, பொத்தான் ஓட்டைகள், ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திய தையல் கோடுகள், எதுவும் இல்லை. பக்கத்தில் அவளுடைய மூன்று ஜாடிகளும் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று நின்றன.

அந்தக் கலைக்கூடத்தில் எல்லாரும் அவளைச் சூளை என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி வேலை செய்பவர்கள், மண் வேலை செய்பவர்கள், ஞாயிறு வகுப்புக்கு வருகிறவர்கள் என்று யார் எதைச் செய்தாலும் அது அவள் கை வழியாகத்தான் நெருப்புக்குள் போகும். பத்து வருடமாக அதுதான் வேலை. "பத்து வருஷமா பானை செய்யுற, நம்ம வீட்ல தண்ணி குடிக்கிறது என்னமோ பிளாஸ்டிக் பாட்டில்ல" என்று கணவர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

அங்கே புழங்குவது இரண்டு வகை மண். ஒன்று குறைந்த சூட்டுக்கு, மற்றது கூடின சூட்டுக்கு. ஒருமுறை சுட்டுவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளை. பளபளப்புப் பூச்சு பூசி மறுபடி சுடும்போது கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குறைந்த சூட்டு மண்ணில் செய்கிறவர்கள், ஈரமாக இருக்கும்போதே அடிப்பக்கத்தில் பெருவிரலை அழுத்திப் பள்ளம் வைக்க வேண்டும். சூளையில் ஏற்றுகிறவள் ஒவ்வொன்றையும் தூக்கி, அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான்.

கண்காட்சிக்கான தேர்வுப் பட்டியல் ஒட்டப்பட்ட அன்று மாலைதான் அவள் சூளை ஏற்றினாள். தையலக்காவின் கவுனுக்கு நடுமேடை. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடம். இரண்டு பக்கமும் கண்ணாடிக்காரர்களின் வேலைகள், மேலே தனி விளக்கு. அவளுடைய ஜாடிகளுக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு அலமாரி.

அவளுக்கு வருத்தமில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆறு வருடத்துக்கு முன்னால் தையலக்காவுக்கு மண் பிசையச் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே. முப்பத்து நாலு வருடம் ஊரார் அளவுக்கெல்லாம் தைத்த அக்கா, "யார் அளவுக்கும் இல்லாம ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிச் செய்த கவுன் அது. அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவளுக்கு நடுமேடை கிடைத்ததில் இவளுக்கு என்ன வந்தது?

இரண்டு கையாலும் கவுனைத் தூக்கினாள். அது கூடின சூட்டு வரிசையில் இருந்தது. இடமில்லாமல் யாரோ அங்கே வைத்திருக்கிறார்கள். தூக்கும்போது வலது கையின் நடுவிரல் அடிப்பக்கத்தில் ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்தது. சின்னப் பள்ளம், வழவழப்பாக.

அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நினைத்தாள் என்பதுதான் நினைவில்லை. தவறிப்போய் வைத்தாளா, தெரிந்து வைத்தாளா? தனக்குள்ளேயே போய்த் தட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் கதவைத் திறக்கவில்லை. விரலுக்குத் தெரிந்திருக்கிறது. விரல் யாருடையது?

இப்போது அடிப்பக்கம் தட்டோடு உருகி ஒட்டிவிட்டது. பள்ளம் இருந்ததற்கு அடையாளம் ஏதும் இல்லை.

பத்து மணிக்கு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தையலக்கா வந்தாள். வாசலிலேயே குரல் கேட்டது.

"என்னடி சூளை, பிரசவம் ஆச்சா? தாயும் சேயும் நலமா?"

"வாங்கக்கா. உக்காருங்க."

"நீ உக்காரச் சொல்றன்னா ஏதோ ஆயிடுச்சு. நின்னுட்டே கேக்குறேன், சொல்லு."

"உருகிடுச்சுக்கா. கூடின சூட்டுல வச்சுட்டேன்."

தையலக்கா கையை நீட்டினாள். மகள் அழைத்துவந்து சூளையின் விளிம்பில் நிறுத்தினாள். விரல்கள் அந்தக் குட்டையின் மேல் போயின, நாக்கு நீண்ட இடம் வரை போய்த் திரும்பின.

"இவ்வளவுதானா?" என்றாள். "நல்லா நீவி விட்ட துணி மாதிரி இருக்கு. ஒரு சுருக்கம் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

மகளுக்குத்தான் கோபம் வந்தது. "அடியில பள்ளம் இருக்கான்னு பாக்க மாட்டீங்களா ஆன்ட்டி? அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

"நீ சும்மா இருடி" என்றாள் தையலக்கா. பிறகு மெதுவாக, "பள்ளம் வச்சேனா நான்?"

"எப்பவும் வைப்பியேம்மா."

"வச்ச ஞாபகம்தான். அடுப்பை அணைச்ச ஞாபகம்கூடத்தான் முந்தாநாள் இருந்துச்சு. பால் பொங்கி அடிப்பிடிச்சு நாறுனப்பறம்தானே தெரிஞ்சுது." இவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பார்வை இவளுடைய தோளுக்குச் சற்று அப்பால் நின்றது. "நீ சொல்லு. உன் கை பட்டிருந்தா உனக்குத் தெரியாம போகாது. பள்ளம் இருந்துச்சா?"

இருந்துச்சுக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரே ஒரு சொல். நாக்கு நுனிவரை வந்தது.

"தடவிப் பாத்தேன்கா. இருந்த மாதிரி தெரியல."

தையலக்கா தலையை ஆட்டினாள். கோபித்துக்கொண்டிருந்தால், திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அப்ப நான்தான். உன்மேல எதுக்குப் பழி?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணு போனா போகட்டும், பத்து விரல் இருக்கு, அத வச்சுப் பொழைச்சுக்குறேன்னு டாக்டர்கிட்டயே பெருமையா சொல்லிட்டு வந்தேன். அந்த ஆளு சிரிச்சாரு. இப்பத்தானே தெரியுது. விரலுக்கும் மறந்துபோச்சு."

"அப்படியெல்லாம் இல்லக்கா, இன்னொண்ணு செய்யலாம்..."

"எத நம்பிச் செய்ய? என் பெஞ்சை வேற யாருக்காவது குடுத்துடு."

"சரிக்கா" என்றாள் சூளை.

ஏன் சரி என்றோம் என்று அன்று முழுவதும் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அந்தப் பள்ளத்தில் போய்த்தான் முடியும். கவுன் போனது ஒரு நாள் சூட்டில். அக்காவின் விரல்களைக் கெடுத்தது தன்னுடைய ஒரு வாக்கியம். முதலாவதன் பழியை மண் மேல் போடலாம், சூட்டின் மேல் போடலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு இடமும் கிடைக்கவில்லை.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் கலைக்கூடத்தின் செயலாளர் வந்தார். "நடுமேடை காலியா நிக்குதேம்மா. உங்க பெரிய ஜாடிய வச்சுடலாமா?"

"வேண்டாம் சார்."

"அட, தன்னடக்கமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். பேரு போட்டு கார்டு அடிக்கணும்."

அதற்கு மேல் அவள் மறுக்கவில்லை. தான் மறுக்காததைத் தானே கவனித்தாள்.

திறப்பு நாளில் கூட்டம் நன்றாகவே வந்தது. கண்ணாடித் தகடுகள் சுவரில் நீலமும் மஞ்சளுமாக நிழல் போட்டன. ஜாடிக்கு மேல் தனி விளக்கு எரிந்தது. அவள் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையலக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். வந்தாள். மகள் முகம் கொடுக்கவில்லை. அக்கா மட்டும் நேராக மேடைக்கு வந்து கையை நீட்டினாள்.

"தொடலாமா? இங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"தொடுங்கக்கா."

வாயிலிருந்து வயிறு வரை, வயிற்றிலிருந்து அடி வரை, நிதானமாகத் தடவினாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்குடி. ஒரு பிசிறு இல்ல. உன் கைய நான் என்னைக்குமே நம்புவேன்."

சூளை வாயைத் திறந்தாள். சுற்றிலும் பேச்சுச் சத்தம். யாரோ போட்டோ எடுக்க அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவள் தள்ளி நின்றாள்.

அக்கா திரும்பினாள். மகள் இரண்டடி முன்னால் போய்விட்டிருந்தாள். கை காற்றில் துழாவியது. சூளை ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல்வரை சேர்ந்தே நடந்தார்கள். அத்தனை தூரத்தில் அதைச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

"படி இருக்குக்கா" என்றாள். "பாத்து இறங்குங்க."