புளி போட்டுத் தேய்த்த சக்கரங்கள்

“டீ ஆறுது, வாரீயளா இல்லையா?” என்று அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்டேன். என் கணவர் ஜெய்சன் காரின் வலது பின் சக்கரத்துக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாரேன். மூணு முடிஞ்சிட்டு” என்று கையிலிருந்த பனியன் துணியைத் தூக்கிக் காட்டினார். துணி கரியாய்க் கறுத்திருந்தது. கறுக்காத துணியை அவர் நம்பமாட்டார். “துணி கறுத்தாத்தான் அலுமினியத்தைத் தொட்டிருக்கோம்னு அர்த்தம். இல்லேன்னா அழுக்கைத் தடவிக்கொடுக்கோம், அவ்வளவுதான்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பழைய காராக வாங்கியது. உரிந்துபோன வார்னிஷை எடுத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சிராய்ப்பெல்லாம் போன பிறகு பாலிஷ் போட்டார். சனிக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. இடது பின் சக்கரத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். கோயில் வாசல் கல்லில் அவரே உரசிய ஆழமான கோடு ஒன்று அதன் விளிம்பில் இருந்தது. “அது நேரமெடுக்கும். திங்கக்கிழமை பாப்போம்” என்று சொல்லி டீயைக் குடித்தார். டம்ளரில் கறுப்பு விரல் தடம் பதிந்தது.

அன்று சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். குளிப்பாட்டும்போது நக இடுக்கில் இருந்த கறுப்பு போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்த அவருடைய அக்கா ஜெபகனி, “கெடக்கட்டும், வேலை பாத்த கை” என்று விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். மூன்று சக்கரம் கண்ணாடி போல, நாலாவது மங்கல். ஈரத் துணியால் துடைப்பதோடு சரி, வேறெதுவும் செய்யவில்லை. “என்ன டீச்சர், மூணு காலுக்குத்தான் கொலுசு வாங்குனீயளா?” என்று எதிர் வீட்டு நெல்லையப்பன் கேட்டார். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று அவரே தலை குனிந்துகொண்டார்.

வருஷ நினைவு ஆராதனைக்கு முந்தின நாள் ஜெபகனி மதினி சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் பூ வாங்கப் பாளை மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போய்த் திரும்பியபோது வாசலில் ஒரு சட்டி, தேங்காய் நார். நாலு சக்கரத்திலும் புளியும் உப்பும் அப்பி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

“தம்பி வச்சிருந்த மாதிரி பளபளன்னு இருக்கட்டும்னு ஊறப் போட்டிருக்கேன்” என்றார்கள்.

அவசரமாகத் தண்ணீரை ஊற்றினேன். புளி வழிந்து போனது. அடியில் நாலும் ஒன்றுபோலச் சாம்பல் பூத்துக் கிடந்தன.

“பித்தளைக் குடத்துக்குப் போட்டா தங்கமா வருமேட்டி.” மதினி சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்கள். “அவன் கடைசியாப் பாத்த வேலையை அழிச்சிட்டேனே.”

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிக்கியைத் திறந்தேன். பலகை, துணி, பாலிஷ் டப்பா எல்லாம் அவர் வைத்தபடி இருந்தன. பாலிஷ் மேலே காய்ந்து, கிண்டினால் உள்ளே இளகி இருந்தது. வலது பின் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து தேய்த்தேன்.

“கறுக்குதா?” என்றார்கள் மதினி.

“இல்ல.”

“அழுத்தித் தேய். பிள்ளைக்குப் பவுடர் போடுத மாதிரி பைய பைய தடவுத.”

“நீங்க ஊறப் போட்டதுக்கு நான் ஏச்சு வாங்கணுமா மதினி?”

தோள் வலித்தது. துணியைத் திருப்பிப் பிடித்து மறுபடி தேய்த்தேன். அப்போது துணி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கறுத்தது. சக்கரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மதினி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்கள்.

“மூக்கு தெரியுது.”

“யாரு மூக்கு?”

“உங்க மூக்குதான். அதுல பாதிதான் அடங்குது.”

மதினி குனிந்து பார்த்தார்கள். சிரித்தார்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், மறுபடி சிரித்தார்கள். அவர் உப்புத்தாள் போட்டு எடுத்த சிராய்ப்பு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. புளி தின்றது மேல்தோலை மட்டும். வழவழப்பு அடியில் அப்படியே இருந்தது.

இருவருமாக மூன்றையும் முடித்தோம். மதினி நாலாவதன் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

“இதையும் தேய்ச்சிருவோமா?”

ஒரு வருஷமாகக் காவல் காத்த சக்கரம். “தேய்ப்போம்” என்று பலகையை இழுத்துப் போட்டேன். மற்ற மூன்றின் அளவுக்கு வரவில்லை. ஆனாலும் ஒளி ஏறியது. மறுநாள் கோயிலில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த எங்கள் இருவர் நகங்களிலும் கறுப்பு இருந்தது.

இப்போது நாலு சக்கரமும் பளபளக்கின்றன. இடது பின் சக்கரத்தின் விளிம்பில் அவர் உரசிய கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.