வியான்னியின் இடது கால் மீதான மூன்று ஆட்டத் தடை

எங்கள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் மூன்றாம் டிவிஷன் லீக்கில் சிவப்பு அட்டை ஆளுக்குக் கிடையாது, தவறு செய்த உறுப்புக்குத்தான். விதி பதினான்கு, உட்பிரிவு ஆ. உதைத்தால் கால், முழங்கையால் இடித்தால் கை, நடுவரைத் திட்டினால் நாக்கு. ஆட்டம் முடிந்த அன்றே அந்த உறுப்பை லீக் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மீதி ஆள் வழக்கம்போல் விளையாடலாம். இதனால் சிறிய அணிகளுக்கு ஆள் பற்றாக்குறை வருவதில்லை.

நான் லீக்கின் செயலாளர். அலுவலகம் மீன் ஏலக்கூடத்தின் மாடியில் இருக்கிறது. உறுப்புகளை ஒரு இரும்பு அலமாரியில் வைத்திருந்தேன். கீழ்த்தட்டில் கால்கள், நடுத்தட்டில் கைகள், அதற்கு மேல் மூடிபோட்ட டப்பாக்களில் நாக்குகள். உச்சித்தட்டில் அப்போது கிளாட்சனின் தலை மட்டும் இருந்தது. கிளாட்சன் முப்பத்தெட்டு வயதுத் தடுப்பாட்டக்காரர். ஒரு கார்னர் கிக்கின்போது எதிராளியை முட்டியதற்காகத் தலைக்கு ஆறு ஆட்டம். மீதிக் கிளாட்சன் தினமும் மின்வாரிய அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. தலைக்குப் புழுக்கம் என்பதால் அலமாரிக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நான் பக்கங்களைப் புரட்டினால் அது செய்தித்தாள் படிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வியான்னி ஊன்றுகோலோடு படியேறி வந்தான். கடற்கரை அணி ஒன்றின் இடது விங்கர். இடது ஓரத்தில், இடது காலாலேயே ஆடுபவன். முந்தைய ஞாயிறு எழுபதாவது நிமிடத்தில் எதிராளியின் கணுக்காலில் மிதித்துவிட்டான். நடுவர் அறிக்கையில் ‘இடது கால்’ என்று இருந்தது. மூன்று ஆட்டத் தடை. அன்று மாலையே முழங்காலுக்குக் கீழே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

“அண்ணே, ஒரு தப்பு நடந்து போச்சு. நான் மிதிச்சது வலது காலாலயாக்கும்.”

“ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே.”

“எதுத்துப் பேசினா நாக்கும் போகும்லா.”

அது சரிதான்.

வரும் வெள்ளிக்கிழமை ஒரு துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கவிருந்தார்கள். இடது விங்கருக்கு ஒரே ஓர் இடம். வயது வரம்பு இருபத்தைந்து. வியான்னிக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி இருபத்தைந்து முடிகிறது.

“இது போனா பொறவு எனக்கு மீன்புடி வள்ளந்தான்ணே. வலது கால வச்சு எனக்கு பஸ் ஏறத்தான் தெரியும்.”

“குத்தத்த ஒத்துக்கிட்டு மனு குடுக்க வந்த மொத ஆளு நீதாம்டே,” என்றது உச்சித்தட்டிலிருந்து கிளாட்சனின் தலை.

“நீங்க சும்மா கெடங்கண்ணே. ஆறு ஆட்டம் வாங்கின தல புத்தி சொல்ல வந்துட்டு.”

“மூணு ஆட்டம் வாங்கினவன் மூணு வார்த்தைதான் பேசணும்.”

நான் மனுவை எழுதி வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை நடுவர் தாணுமூர்த்தியை வரவழைத்தேன். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாக எங்கள் லீக்கில் விசில் ஊதுகிறார். இதுவரை ஒரு தீர்ப்பையும் மாற்றியதில்லை. அவருடைய அறிக்கையை அவர் முன் வைத்தேன்.

“இடது கால்தானே சார்?”

“சந்தேகமே வேண்டாம். என் இடது பக்கம் இருந்த கால்.”

“அவன் உங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தானா?”

“பின்னே? அட்டை வாங்கறவன் முதுகையா காட்டுவான்?”

“அப்படியென்றால் அது அவனுடைய வலது காலாக இருக்குமே சார்.”

தாணுமூர்த்தி என்னைச் சற்று நேரம் இரக்கத்தோடு பார்த்தார். “நடுவர், தான் நிக்கற இடத்துலேருந்து பாக்கணும். ஆட்டக்காரன் நிக்கற இடத்துலேருந்து பாத்தா அதுக்குப் பேர் பாரபட்சம்.”

இதற்கு எதிராக விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அவர் போன பிறகு பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அவர் காலத்தில் தடை பெற்ற கால்கள் நூற்று நாற்பத்து மூன்று. அவற்றில் எதிரெதிராக நின்று அட்டை வாங்கியவை நூற்றுப் பதினெட்டு. அத்தனையும் குற்றமற்ற கால்கள். உரிமையாளர்கள் யாரும் புகார் சொன்னதில்லை. தம் காலைவிட நடுவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். வியான்னியின் மனுவை ஏற்றால் மற்ற நூற்றுப் பதினேழு குற்றவாளிக் கால்களையும் இப்போது வரவழைக்க வேண்டும். அவற்றில் நான்கு வளைகுடாவில் வேலை செய்கின்றன. ஒன்று பஞ்சாயத்துத் துணைத்தலைவருடையது. மேலும், ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் தீர்ப்பை மாற்ற முடியாது என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான விதி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. மனுவைத் தள்ளுபடி செய்தேன்.

வியாழக்கிழமை வியான்னி வந்தபோது இதைச் சொன்னேன். அவன் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு அலமாரியின் முன் தரையில் உட்கார்ந்தான். கீழ்த்தட்டில் அவனுடைய கால் என் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கத்தால் ஒருமுறை, வெளிப்பக்கத்தால் ஒருமுறை. பேப்பர் வெயிட் ஒருமுறைகூடத் தட்டைவிட்டு விழவில்லை.

“நாளைக்கு வெள்ளின்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குண்ணே,” என்றான்.



“செயலாளரே,” என்றது தலை. “அந்த விதிய ஒருக்கா முழுசா வாசியும்.”

வாசித்தேன். தடைக்காலம் முழுவதும் உறுப்பு செயலாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

“அலமாரியிலன்னு இருக்கா?”

இல்லை. அலமாரி என்னுடைய யோசனை.

“தட எதுல? நம்ம லீக்குல. தொறமுகம் நம்ம லீக்குல ஆடுதா?”

“இல்லை. ஆனால் காலை இவனோடு சேர்த்தால் என் பொறுப்பு முடிந்துவிடும்.”

“சேக்காண்டாம். அவங்க கேட்டது ஒரு எடது கால். மத்தவன் போயி என்னத்துக்கு? வேலி ஓரத்துல நிக்கட்டும்.”

இதில் குறை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியான்னிக்கும் முடியவில்லை. தலைக்கு நான் நன்றி சொன்னேன். அது விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டச் சொன்னது.

வெள்ளிக்கிழமை விடியலில் பஸ் ஏறினோம். கால் ஒரு துணிப்பையில் என் மடியில் இருந்தது. நடத்துநர் லக்கேஜா என்று கேட்டார். ரசீதைக் காட்டினேன். தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

மைதானத்தில் இடது விங்கர் இடத்துக்கு மட்டும் நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது நான் முன்னால் போய்க் காலை எடுத்து மேசைமேல் வைத்தேன். பயிற்சியாளர் பட்டியலில் ஒரு டிக் போட்டார்.

“பூட்ஸ் சைஸ்?”

“எட்டு.”

“ஒண்ணு போதுமா?”

“போதும்.”

பூட்ஸைப் போட்டு நாடாவைக் கட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வியான்னி கத்தினான்: “அண்ணே, ரெட்ட முடிச்சு! ஒத்த முடிச்சுன்னா அதுவே அவுத்துரும்!”

காலை இடது கோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தேன். தேர்வு ஆட்டத்தின் முதல் கால்மணி நேரம் யாரும் அதற்குப் பந்து கொடுக்கவில்லை. புதியவர்களுக்கு எங்கும் நடப்பதுதான். பதினாறாவது நிமிடத்தில் எதிரணி தவறவிட்ட பந்து ஒன்று தானாக உருண்டு வந்தது. கால் அதை எடுத்துக்கொண்டு கோட்டோரமாக ஓடியது. இரண்டு பேரைத் தாண்டியது. மூன்றாமவன் சறுக்கி விழுந்து தடுக்கப் பார்த்தான். கால் சற்று நின்று, அவன் முழுதாகச் சறுக்கி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பந்தை வளைத்து அனுப்பியது. நடுவில் நின்றவன் நெற்றியை நீட்டினால் போதுமாக இருந்தது. நீட்டினான். கோல்.

வியான்னி தோளில் கிடந்த துண்டை வாயில் கவ்விக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியில் அது இருபத்தைந்து கஜத்திலிருந்து தானே ஒரு கோல் அடித்தது. பயிற்சியாளரின் குறிப்பேடு மேசைமேல் திறந்திருந்ததால் படிக்க முடிந்தது. ‘வேகம் நன்று. கிராஸ் மிக நன்று. வாக்குவாதம் இல்லை. தலையால் ஆடுவதில் பலவீனம்.’

பன்னிரண்டு நாளில் நியமன ஆணை வந்தது. இளநிலை எழுத்தர் பதவி, இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். ஆணை வியான்னியின் இடது கால் பெயரில் இருந்தது. தடையில் ஓர் ஆட்டம் பாக்கி இருந்ததால் பொறுப்பைத் துறைமுகத்துக்கு மாற்றிக் கடிதம் எழுதி, காலைக் கொண்டுபோய் வேலையில் சேர்த்துவிட்டு வந்தேன். அந்த ஓர் ஆட்டமும் முடிந்ததும் திருப்பி அனுப்பும்படி எழுதினேன். தகுதிகாண் பருவத்தில் இருக்கும் ஊழியரை வெளியே விட முடியாது என்று மிகவும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்கள்.

வியான்னியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தான்.

“வேல உறுதிதானண்ணே?”

“உறுதி.”

“அப்பம் சரி.”

இருந்தாலும் அன்றைக்கு அவன் படியிறங்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் துறைமுகத்திலிருந்து இன்னொரு உறை வந்தது. காலுக்கு இரண்டு அறையுள்ள குடியிருப்பு ஒதுக்கியிருந்தார்கள். கூடத் தங்கும் குடும்பத்தாரின் விவரம் கேட்டு ஒரு படிவமும் வைத்திருந்தார்கள். வியான்னி உடனே வந்துவிட்டான். சவரம் செய்திருந்தான். பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பினோம். ‘ஊழியருக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“ரெத்த சம்மந்தந்தான். அதுல ஒரு கொறையும் இல்ல,” என்றான்.

“எந்த உறவு என்று கேட்கிறார்கள். இருவரில் யார் மூத்தவர்?”

அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“இவன் காலு திரும்பிப் பொறந்தவனாக்கும் சார்,” என்றார் அந்த அம்மா. “எடது காலு மட்டும் மொதல்ல வந்திட்டு. நர்சம்மா கடியாரத்தப் பாத்துக்கிட்டே நின்னா. நாலு நிமிசம் கழிச்சுத்தான் மத்தது எல்லாம் வந்துது. எதுக்குக் கேக்கிய?”

“ஒரு படிவத்துக்கு அம்மா.”

“மொதல்ல வந்ததுதான் மூத்தது. அப்பிடியே எழுதிக்கிடுங்க.”

‘தம்பி’ என்று எழுதினேன். வயது வித்தியாசம் நான்கு நிமிடம் என்றும் குறித்து முத்திரை வைத்தேன். வியான்னி கையெழுத்துப் போட்டுப் படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

“மொதல்முறையா அண்ணன் வீட்டுக்குப் போறேன். வெறுங்கையோட போவப்பிடாதுல்லா,” என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு ஒரு சாக்ஸ் வாங்கக் கடைத்தெருப் பக்கம் போனான்.